அவரைக் கொழுந்தில் அசுவினி

மார்கழிப் பனியில் அவரைப் பந்தல் பூத்துக் குலுங்கும்போது இளங்கொழுந்து ஒன்றை மெல்ல வளைத்துப் பாருங்கள். பூங்கொத்தின் காம்பைச் சுற்றிக் கருகருவென்று ஒரு கூட்டம் அப்பியிருக்கும். அசுவினி. பயிர் வைத்தவருக்கு எரிச்சலூட்டும் பெயர்தான். ஆனாலும் அது தோட்டத்துக்குள் பரவுகிற நேர்த்தியை அருகிருந்து பார்த்தால் வியக்காமல் இருக்க முடியாது.

முதலில் தாயைப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் உடலில் எண்ணெய்க் காப்பிட்ட கற்சிலையின் கரிய மினுமினுப்பு. சுற்றிலும் குஞ்சுகள், மெல்லிய மாவு படிந்த சாம்பல் மேனியோடு. நம் வெப்ப மண்ணில் இவை பெரும்பாலும் பெண்களே. ஆண் துணையும் வேண்டாம், முட்டையும் வேண்டாம். தாய் நேரடியாகக் குஞ்சு ஈனுகிறாள். பிறக்கும் மகளின் வயிற்றிலோ பேத்தி ஏற்கெனவே கருவாகத் திரளத் தொடங்கியிருக்கிறாள். மூன்று தலைமுறையும் ஒரே உடலுக்குள்! இதமான பருவத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அந்த மகளும் தாயாகிவிடுகிறாள்.

கொழுந்தில் இடம் குறுகும்போதுதான் இன்னும் அழகான காரியம் நடக்கிறது. நெருக்கத்தில் உடலோடு உடல் உரசும் அந்தத் தொடுகையே தாய்க்குச் செய்தியாகிறது. அதுவரை இறக்கையற்ற மகள்களை ஈன்றவள், இனி இறக்கையுள்ள மகள்களை ஈனுகிறாள். மரபணு அதேதான், உடல் மட்டும் பயணத்துக்கென்று வேறாக வார்க்கப்படுகிறது.

கண்ணாடி போன்ற அந்த மெல்லிறக்கைகளுக்கு வலு குறைவு. இறக்கையுள்ள அசுவினி காற்று போகும் திசைக்கே பெரிதும் தன்னை ஒப்படைத்துவிட்டு, இறங்கும் இடத்தை மட்டும் கண்ணால் தேர்கிறது. மஞ்சள் கலந்த இளம்பச்சை என்றால் அதற்குக் கொள்ளை ஆசை. வெற்று மண்ணின் பின்னணியில் தனித்துத் தெரியும் ஓரத்துச் செடியே பல நேரம் அதை முதலில் ஈர்க்கிறது. இறங்கியதும் ஊசிவாயை மேலாகக் குத்திச் சுவை பார்க்கிறது. பிடிக்காவிட்டால் அடுத்த செடி. ஒரு நிமிடம்கூட நீடிக்காத அந்தச் சுவைப்பிலேயே சில தேமல் நோய்களின் வைரஸ் செடி தாண்டிவிடுகிறது. பிடித்த இடத்தில் அமர்ந்த பிறகோ, அதன் பறக்கும் தசைகளே மெல்லக் கரைந்துபோகின்றன. இனி அவளுக்குப் பறப்பு இல்லை, பிள்ளைப்பேறு மட்டுமே.

அங்கிருந்து பரவல் கால்நடையாகத்தான். பொறிவண்டு ஓர் அசுவினியைக் கவ்வியதும் அந்த அசுவினியின் முதுகிலுள்ள இரு குழல்களில் சொட்டு நீர் கசியும். அந்த வாசனை எட்டியதும் அண்டையிலிருப்பவை கொழுந்தை விட்டு உதிர்ந்து, பக்கத்துச் செடிக்கு நடந்து ஏறும். எதிரியின் வரவும் பரவலுக்கு வழியாகிறது, பாருங்கள்! அதனால்தான் தோட்டம் ஒரே சீராகத் தாக்கப்படுவதில்லை. ஓரத்தில் இரண்டொரு செடி, அதைச் சுற்றி ஒரு திட்டு, பிறகு திட்டுகள் ஒன்றையொன்று தொடும்.

இந்தப் பரவலுக்கு முன்னறிவிப்பும் உண்டு. கொழுந்துக்குக் கீழே உள்ள இலைமேல், இனிப்புப் பிசுக்கில் ஒட்டிய வெள்ளைத் துணுக்குகளைப் பாருங்கள். வளர்வதற்குள் நான்கு முறை உரித்துப்போட்ட சட்டைகள் அவை. எறும்பு வரிசை காம்பேறுகிறதென்றால் கூட்டம் மேலே இருக்கிறது என்றே கொள்ளலாம்.

தெளிப்பானைத் தோளில் மாட்டும் முன் வரப்போரச் செடிகளின் நுனியை ஒருமுறை வளைத்துப் பாருங்கள். திட்டாக இருக்கும்போதே கண்டுவிட்டால் அந்த நுனிகளைக் கிள்ளி அப்புறப்படுத்தினாலே பல நேரம் போதும், பொறிவண்டும் பிழைத்திருக்கும்.