அரங்கும் நடுகல்லும்: ‘குரோனோடோப்பியா’ நடனப் படைப்பில் ஒளிச்சிற்பம்

பெங்களூரைக் களமாகக் கொண்டு உருப்பெற்ற ஆட்டக்களரி நடனக்குழு, 2000களின் இறுதியில் சிலப்பதிகாரத்தை அடியொற்றி ‘குரோனோடோப்பியா’ என்னும் படைப்பை மேடையேற்றியது. நடன அமைப்பு ஜெயச்சந்திரன் பாலாழியுடையது; ஊடகக் காட்சியமைப்பில் ஜெர்மானியக் கலைஞர் கிறிஸ் சீக்லர் துணைநின்றார். கட்டம் கட்டமாகத் தொங்கும் ஒளிக்குழல்கள் கணினிவழி எரிந்தும் அணைந்தும் ஆடுவோரைச் சூழ்ந்து ஒளியாலான சிற்பமொன்றை உருவாக்குகின்றன. கதை நிரல்பட உரைக்கப்படுவதில்லை. சிலம்பின் பெயரைத் தாங்கும் இப்படைப்பு, ஆடரங்கு குறித்து அக்காப்பியமே கூறுவனவற்றோடு எவ்வளவு பொருந்துகிறது என்பது ஆராயத்தக்கது.

தலைப்பு, காலம், இடம் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. புதின ஆய்வில் ருசியத் திறனாய்வாளர் பக்தின் கையாண்ட கலைச்சொல்லை நினைவூட்டுவது. நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியம் வகுத்திருக்க, தமிழ்க் காப்பியம் ஒன்றின் ஆக்கத்திற்குக் கிரேக்கத்திலிருந்து பெயர் பெற வேண்டிய தேவை என்ன என்று தமிழ் ஆய்வாளர் வினவின் அது பிழையாகாது.

அரங்கேற்று காதை ஆடரங்கின் அளவை நுட்பமாகத் தருகிறது. இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் அளந்து, ஏழுகோல் அகலமும் எட்டுகோல் நீளமும் ஒருகோல் உயரமுமாக அரங்கு அமைகிறது. மூவகை எழினிகள் தொங்குகின்றன. தூண்களின் நிழல் ஆடுகளத்தில் விழாதவாறு விளக்குகளை நிறுத்தவேண்டும் என்பது அங்குக் கூறப்படும் நெறிகளுள் சிறப்பாகக் கருதத்தக்கது. இளங்கோவின் அரங்கில் விளக்கு ஆடுபவளுக்கு ஏவல் செய்வது. தன் இருப்பை மறைத்து அவள் மெய்யைக் காட்டுவது. பெங்களூர்ப் படைப்பிலோ விளக்கே உடன் ஆடுகிறது. அதன் துணிவும் புதுமையும் இங்கேதான் உள்ளன. ஆயின் மெய்ப்பாட்டை நாடும் கண் அடிக்கடி குழல்களின்பால் ஈர்க்கப்படுதலும் இதனாலேயே.

‘ஊடாடும் கலை’ என்னும் வழக்கையும் இவண் நோக்கவேண்டும். இத்தகு அரங்கில் ஊடாடுவோர் ஆடுநரும் பொறியுமே. காண்போர் இருக்கையில் அசைவின்றி அமர்ந்திருக்கின்றனர். மாதவியின் அரங்கேற்றத்திலும் மன்னனும் அவையும் அவ்வாறே இருந்தனர். ஆனால் அதே காப்பியத்தில் ஆய்ச்சியர் குரவையும் உண்டு. மாதரி எழுவரை நிறுத்தி, குரல், துத்தம் முதலாக ஏழிசைப் பெயர்களை அவர்களுக்கு இட்டு, வட்டத்தில் அவரவர்க்கு இடம் வகுக்கிறாள். அங்கு ஆடுதல், கேடு நேருமோ என அஞ்சிய ஆயர்சேரியின் வழிபாடு. கலைநுகர்வுக்கென்று தனியே அமர்த்தப்பட்ட அவை இல்லை. ஊடாட்டம் என்பதன் முழுப்பொருளை நாடும் கலைஞர்க்கு அரங்கேற்று காதையினும் இக்குரவையே அணுக்கமான முன்மாதிரி எனலாம். ‘குரோனோடோப்பியா’ முன்னதன் வழியில் நின்றுவிட்டது.

ஆடலும் சிற்பமும் கூடும் இடமும் காப்பியத்துள்ளேயே அமைந்திருக்கிறது. புகார்க் காண்டத்தில் ஆடும் உடலாக மாதவி தோன்றுகிறாள். வஞ்சிக் காண்டத்தில் கண்ணகி கல்லாகிறாள். இமயத்தில் எடுத்த கல்லைக் கனகவிசயர் தலையில் ஏற்றிக் கங்கையில் நீர்ப்படை செய்து வஞ்சிக்குக் கொணர்கிறான் செங்குட்டுவன். பகைவர் தலை சுமந்த அக்கல்லின் பாரத்தை உணர்த்த, எடையற்ற ஒளியைவிட ஆடுநரின் தோளும் கழுத்துமே ஏற்ற கருவிகள்.