டிரெய்லர் டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறதா? எந்தக் கருவி உண்மை சொல்கிறது

காரின் சக்கரம் கோணலானால் பட்டறையில் ஏற்றி, டை ராடைத் திருகி நேராக்கிவிடுவார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் குடும்பங்கள் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துச்செல்லும் டிராவல் டிரெய்லரில் திருகுவதற்கு ஒன்றும் கிடையாது. ஓர் இரும்புக் குழாய்தான் ஆக்ஸில். அதன் இரு முனையிலும் சக்கரம். குழாயைத் தாங்க லீஃப் ஸ்பிரிங் பட்டைகள், பட்டைகளைச் சட்டகத்தோடு பிணைக்க ஹேங்கர்கள். தொழிற்சாலையில் எந்த இடத்தில் பற்றவைத்தார்களோ, அந்த இடமே ஆயுள் முழுவதற்கும் அலைன்மென்ட். டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறது என்றால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது, அல்லது தேய்ந்து இடம் மாறியிருக்கிறது. அது எது என்று கண்டுபிடிக்க இன்று சந்தையில் சில டாலர் கருவியிலிருந்து பல நூறு டாலர் லேசர் வரை கிடைக்கின்றன. ஒன்டாரியோவில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் 26 அடி, இரட்டை ஆக்ஸில் டிரெய்லரில் அவற்றை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். ஒவ்வொரு ஆக்ஸிலும் 5,200 பவுண்டு தாங்கக்கூடியது. டயர் எஸ்.டி. 225/75 ஆர்15, லோட் ரேஞ்ச் இ; 80 பி.எஸ்.ஐ. காற்றில் ஒரு டயர் 2,830 பவுண்டு சுமக்கும். பழைய வண்டி, கைமாறி வந்தது. நான்கு டயரும் ஒரே நாளில் மாட்டியவை. காற்றைத் தவறாமல் பார்த்து வந்தும் நான்கும் நான்கு விதமாகத் தேய்ந்திருந்தன.

முதலில் டிரெட் ஆழம் பார்க்கும் சின்ன அளவுகோல். டயர் கடைகளில் சில டாலருக்குக் கிடைக்கும். இந்தச் சோதனையில் என் மதிப்பெண் பட்டியலில் இதற்குத்தான் முதலிடம். ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்தில் அளந்தால் நான்கு டயருக்குப் பன்னிரண்டு எண். அதைத் தாளில், மேலிருந்து பார்க்கும்போது டயர்கள் நிற்கும் வரிசையிலேயே எழுதவேண்டும். தனித்தனி டயராகப் பார்த்தால் தெரியாத கதை அந்தத் தாளில் தெரியும்.

இரு விளிம்பும் தேய்ந்து நடு நின்றால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். அங்கங்கே குழிகுழியாக இருந்தால் பேலன்ஸ் அல்லது பேரிங் ஆட்டம். இதெல்லாம் பலருக்கும் தெரிந்தது. இரட்டை ஆக்ஸில் வண்டியில் கவனிக்கவேண்டிய வேறு இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. ஒரே ஆக்ஸிலின் இரண்டு டயரும் உள்விளிம்பில் தேய்ந்திருந்தால், பெரும்பாலும் பாரம் தாங்காமல் குழாய் நடுவில் தொய்ந்திருக்கிறது. சக்கரங்களின் தலை உள்பக்கம் சாய்ந்துவிட்டது. தேய்மானம் குறுக்காக, அதாவது பின் இடது வெளியே, பின் வலது உள்ளே, முன் இடது உள்ளே, முன் வலது வெளியே என்று மாறி மாறி வந்தால், குழாய்கள் நேராகவே இருக்கலாம். ஆனால் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. பின் ஆக்ஸில் வலப்பக்கம் போகப் பார்க்கிறது, முன் ஆக்ஸில் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வண்டி இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசத்தில் நேராக ஓடுகிறது. அந்தச் சமரசத்தின் விலையை நான்கு டயரும் கொடுக்கின்றன. எங்கள் தாளில் இந்தக் குறுக்கு வடிவம்தான் இருந்தது. பின் இடது டயரின் உள்விளிம்பில் 5.5 மில்லிமீட்டர், வெளிவிளிம்பில் 3.5.

கையும் ஒரு கருவிதான். டிரெட்டின் குறுக்கே உள்ளங்கையை ஒரு திசையில் ஓட்டினால் வழுக்கும், எதிர்த்திசையில் ஓட்டினால் ரம்பம்போல் பிடிக்கும். டயர் உருளும்போதே பக்கவாட்டில் இழுபட்டிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. எந்த டயரில் எந்தத் திசையில் பிடிக்கிறது என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்தது எஃகு டேப்பும் தூக்குக்குண்டும். டிரெய்லர் அலைன்மென்ட் என்றதும் எல்லோரும் சொல்லித்தரும் முறை ஒன்று உண்டு. இழுக்கும் வண்டியோடு மாட்ட முன்னால் உள்ள கப்ளரின் மையத்திலிருந்து முன் ஆக்ஸிலின் இடது முனைக்கும் வலது முனைக்கும் அளந்து, இரண்டும் சமமா என்று பார்ப்பது. வேறுபாடு எட்டில் ஒரு அங்குலத்துக்குள், அதாவது மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்பது வழக்கமான வரம்பு. நல்ல அளவுதான், ஆனால் டயர் தேய்மானத்துக்குக் காரணம் தேடுபவர் அதில் தொடங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு ஆக்ஸிலும் இணையாக இருந்து, இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் திரும்பியிருந்தால், டிரெய்லர் நண்டுபோல் சற்றுச் சாய்ந்தபடி ஓடும். பின்னால் வருபவர் கண்ணுக்கு அது தெரியும். டயருக்கோ பெரிய சேதம் இல்லை. டயரைத் தின்பது இணையில்லாமைதான். ஆகவே முதலில் எடுக்கவேண்டிய அளவு இடப்பக்கம் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம்; பிறகு வலப்பக்கம் அதே அளவு. இங்கே வரம்பு இன்னும் கறார்: பதினாறில் ஒரு அங்குலம், சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்.

எங்கள் வண்டியில் இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் ஆறு மில்லிமீட்டர் அதிகம். கேட்கச் சின்ன எண்தான். சக்கரத்துக்குச் சக்கரம் அகலம் ஏறக்குறைய ஏழு அடி, அதாவது 2,100 மில்லிமீட்டர். அந்த அகலத்தில் ஆறு மில்லிமீட்டர் கோணல் என்றால், ஒவ்வொரு கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் இரண்டு ஆக்ஸிலும் ஒன்றைவிட்டு ஒன்று கிட்டத்தட்ட மூன்று மீட்டர் விலகிப்போகப் பார்க்கின்றன. விலக முடியாததால் அந்த மூன்று மீட்டரும் ரப்பர் தார்ச்சாலையில் உரசிக் கழிகிறது. நூறு கிலோமீட்டருக்கு முந்நூறு மீட்டர்! ரம்பம் எங்கிருந்து வந்தது என்று இந்தக் கணக்கைப் போட்ட பிறகு கேட்கவே தோன்றாது.

அளக்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. இரட்டை ஆக்ஸில் வண்டியைத் திருப்பி நிறுத்தினால் டயர்கள் முறுக்கிக்கொண்டு நிற்கும், பட்டைகளும் அதோடு வளைந்திருக்கும்; அந்த நிலையில் எடுத்த எந்த அளவும் பொய். சமதளத்தில் குறைந்தது பத்து மீட்டர் நேராக முன்னோக்கி இழுத்து, கடைசியில் பிரேக்கை அழுத்தாமல் மெல்ல நிற்கவிடவேண்டும். ஹப்பின் தூசி மூடியைக் கழற்றினால் ஸ்பிண்டிலின் மையம் தெரியும். அங்கிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, தரையில் ஒட்டிய தாளில் புள்ளி வைத்தேன். கப்ளரின் மையத்துக்கும் அப்படியே. பிறகு டேப்பை வண்டிக்கடியில் நுழைக்கும் பாடே இல்லை. தண்ணீர்த் தொட்டியும் குழாய்களும் குறுக்கே வராமல் தரையிலேயே எல்லாவற்றையும் அளந்துவிடலாம். டேப்பின் மறுமுனையை என் மைத்துனர் பிடித்தார். இருவரும் ஒரே இறுக்கத்தில் இழுக்காவிட்டால் நீண்ட அளவுகளில் இரண்டு மில்லிமீட்டர் எளிதாகத் தப்பிவிடும்.

ஒவ்வொரு ஆக்ஸிலிலும் சக்கரங்கள் முன்பக்கம் குவிகின்றனவா விரிகின்றனவா என்று பார்க்க இரண்டு தகடும் இரண்டு டேப்பும் கொண்ட தொகுதி விற்கிறார்கள். தகட்டைச் சக்கரத்தோடு சாய்த்துவைத்து முன்னும் பின்னும் அளப்பது. வேகமானது, ஆனால் ரிம்மோ டயரின் பக்கச்சுவரோ லேசாக நெளிந்திருந்தால் அந்த நெளிவையும் சேர்த்துச் சொல்லும். லாரிப் பட்டறைகளின் பழைய முறை இதைவிட நம்பகமானது. சட்டகத்தில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டு வைக்கவேண்டும். ஆக்ஸில் குழாயின் நடுவில் ஜாக்கி வைத்தால் குழாயே வளையும். டிரெட்டின் நடுவில் சுற்றிலும் சாக்பீஸ் பூசி, ஒரு கட்டையில் ஆணியைப் பொருத்தி அசையாமல் பிடித்து, சக்கரத்தைக் கையால் சுற்றினால் வட்டமாக மெல்லிய கோடு விழும். ரிம் நெளிந்திருந்தாலும் அந்தக் கோடு சுழலும் அச்சுக்குச் செங்குத்தாகத்தான் விழும். கீழே இறக்கி, நேராகக் கொஞ்சம் உருட்டி, இரண்டு டயரின் கோடுகளுக்கும் இடையே முன்பக்கமும் பின்பக்கமும் அளந்தால் வேலை முடிந்தது. எங்கள் இரண்டு ஆக்ஸிலும் இதில் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் நின்றன. குழாய்கள் வளையவில்லை என்பதற்கு நல்ல அடையாளம்.

சக்கரத்தின் சாய்வு பார்க்கப் பலர் கைபேசிச் செயலியை நம்புகிறார்கள். கேமரா மேடும் வளைந்த ஓரமும் உள்ள கைபேசியை ரிம்மில் ஒட்டிவைத்து எடுக்கும் எண் ஒவ்வொரு தடவையும் மாறியது. காந்தம் வைத்த டிஜிட்டல் ரசமட்டம் பரவாயில்லை. ஆனாலும் 15 அங்குல ரிம்மில் ஒரு டிகிரிச் சாய்வு என்பது மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் இடையே ஆறரை மில்லிமீட்டர். தூக்குக்குண்டு நூலும் ஒரு ஸ்கேலும் அதைத் தெளிவாகக் காட்டிவிடும். டயரில் வைத்து அளக்கக்கூடாது, கீழே பாரத்தில் அது புடைத்திருக்கும், ரிம்மில்தான் அளக்கவேண்டும். தரை சற்றுச் சரிந்திருந்தாலும் கவலையில்லை. ஒரு சக்கரத்தில் கூடிய அளவு மறு சக்கரத்தில் குறையும், இரண்டின் சராசரி ஆக்ஸிலின் உண்மையைச் சொல்லும்.

ரிம்மில் கவ்விப் பிடிக்கும் லேசர் தொகுதியை ஒரு நண்பரிடமிருந்து வாங்கிவந்து பார்த்தேன். வெயிலில் புள்ளி தெரிவதில்லை, கவ்வி சரியாக உட்காராவிட்டால் எல்லாம் கோணல். பட்டறை வைத்திருப்பவருக்குப் பயன்படும். சொந்த வண்டி ஒன்று வைத்திருப்பவர் வாங்கவேண்டியதில்லை.

அகச்சிவப்பு வெப்பமானிக்கு வேறொரு வேலை இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஓடிவந்து நிறுத்தியதும் நான்கு ஹப்பையும் நான்கு டயரையும் குறிபார்த்தால், ஒரு ஹப் மட்டும் சுடுகிறதா என்று தெரியும். அது பேரிங் அல்லது பிரேக் விவகாரம், அலைன்மென்ட் இல்லை. வெயில் படும் பக்கம் எப்போதும் கூடுதலாகவே காட்டும் என்பதால் ஒரே பக்கத்து டயர்களைத்தான் ஒப்பிடவேண்டும். டயர் அழுத்தத்தை ஓட்டுநருக்குக் காட்டும் கருவி பாதுகாப்புக்கு அவசியம். கோணலைக் கண்டுபிடிக்க அது உதவாது.

எடை மேடையை விட்டுவிடக்கூடாது. வட அமெரிக்க நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் மேடைகள், இழுக்கும் வண்டியின் முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், டிரெய்லரின் ஆக்ஸில்கள் என்று தனித்தனியாக எடை தரும். குழாய் தொய்ந்திருக்கும் என்ற சந்தேகம் வந்தால் இந்தச் சீட்டு இல்லாமல் முடிவுக்கு வர முடியாது. இடப்பக்கம் எவ்வளவு, வலப்பக்கம் எவ்வளவு என்று மட்டும் அது சொல்லாது. சமையலறையும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே பக்கம் அமைந்த வண்டிகளுக்கு ஒவ்வொரு சக்கரத்தையும் தனியாக எடைபோடுவதுதான் சரி. டிரெய்லரின் மூக்கு தூக்கி நின்றால் பின் ஆக்ஸிலுக்கும், தாழ்ந்தால் முன் ஆக்ஸிலுக்கும் பாரம் கூடும் என்பதால், அளப்பதற்கு முன் வண்டி மட்டமாக நிற்கிறதா என்றும் பார்க்கவேண்டும். லீஃப் ஸ்பிரிங் வண்டியில் முன் பட்டையையும் பின் பட்டையையும் நடுவில் இணைக்கும் ஈக்வலைசர் இதை ஓரளவு சமன்செய்யும். பட்டைக்குப் பதில் ரப்பரால் தாங்கும் டார்ஷன் ஆக்ஸில் உள்ள வண்டிகளில் அந்த வசதி கிடையாது.

எண்கள் கையில் இருந்ததால் வண்டிக்கடியில் எங்கே தேடுவது என்பதில் குழப்பம் இல்லை. கப்ளர் அளவையும் சேர்த்துப் பார்த்தால், பின் ஆக்ஸிலின் வலது முனைதான் பின்னால் தள்ளிப்போயிருக்கிறது. அந்த முனையை இடத்தில் பிடித்துவைப்பது பட்டையின் பின்கண்ணும் (பட்டை நுனியில் போல்ட் நுழையும் வளையம்) அது மாட்டியிருக்கும் கடைசி ஹேங்கரும். ஆக்ஸிலைப் பட்டையோடு பிணைக்கும் யு போல்ட் இறுக்கமாக இருந்தது, பட்டைகளைக் கோத்த சென்டர் போல்ட்டும் அதன் குழியில் சரியாக உட்கார்ந்திருந்தது. போல்ட்டைத் தட்டி எடுத்தபோது பட்டைக் கண்ணில் இருந்த நைலான் புஷ் தேய்ந்து காணாமலே போயிருந்தது. இரும்பு இரும்பை அரைத்து, ஹேங்கரின் துளை வட்டம் மாறி நீண்டிருந்தது. இந்த வகை வண்டிகளில் நைலான் புஷ்ஷுக்குக் கிரீஸ் போட வழியே வைப்பதில்லை. இத்தனை பாரம் சுமக்கும் இடத்தில் இவ்வளவு மலிவான பாகத்தை வைப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கனரக வண்டிகளைப் பார்க்கும் பட்டறை ஒன்றில் ஹேங்கரை வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைத்தார்கள். எட்டுக் கண்களுக்கும் வெண்கல புஷ், கிரீஸ் போடும் துளையுள்ள போல்ட், பட்டையை ஈக்வலைசரோடு இணைக்கத் தடித்த ஷாக்கிள் தகடுகள். பற்றவைக்கும் முன் அதே தூக்குக்குண்டு முறையில் அளந்து இடத்தைக் குறித்துக்கொண்டோம். கார் அலைன்மென்ட் கடைகளில் இதற்கு இடம் இருக்காது, டிரெய்லர் அவர்களுடைய மேடையிலேயே ஏறாது. ஒருவேளை குழாய் வளைந்திருந்தால், லாரி ஃபிரேம் பட்டறைகளில் ஹைட்ராலிக் கருவியால் குளிர்ந்த நிலையிலேயே நிமிர்த்துவார்கள். வெல்டிங் டார்ச் வைத்துச் சுடவைத்து நிமிர்த்தலாம் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். சூடேறிய குழாய் தன் பலத்தை இழந்துவிடும்.

இப்போது இருபக்க அளவுக்கும் வேறுபாடு ஒரு மில்லிமீட்டர். புதிய டயர்களில் ஒரு கோடை ஓடிய பிறகு பன்னிரண்டு இடத்திலும் மறுபடி டிரெட் ஆழம் எடுத்தேன். எந்த டயரிலும் இரு விளிம்புகளுக்கும் இடையே அரை மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இல்லை. இப்படிப் பழுதுபார்த்த பிறகு யு போல்ட்டுகளை முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் மறுபடி இறுக்கவேண்டும். கிரீஸ் துப்பாக்கியை வாங்கி வண்டியிலேயே வைத்திருக்கிறேன்.