ஃபோர்டு 6.0 பவர் ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின்: வடிவமைப்பும் நம்பகத்தன்மையும்

அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தின் சூப்பர் டியூட்டி டிரக்குகளில் 2003 முதல் 2007 மாடல் ஆண்டு வரை பொருத்தப்பட்ட 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக், அந்நாட்டு டீசல் எஞ்சின்களில் மிக அதிகமாகக் குறை கூறப்பட்டவற்றுள் ஒன்றாகும். இதை வடிவமைத்துத் தயாரித்துக் கொடுத்தது நேவிஸ்டார் நிறுவனம். அது இதே எஞ்சினை விடி365 என்ற பெயரில் தன் இன்டர்நேஷனல் டிரக்குகளிலும் பயன்படுத்தியது. ஃபோர்டின் இ-வரிசை வேன்களின் மேல் கட்டப்பட்ட ஆம்புலன்சுகளிலும் இந்த எஞ்சின் இருந்தது. ஆகவே இது வழியில் நின்றுபோவது பணச்செலவோடு முடிகிற விஷயமாக இருக்கவில்லை.

"மோசமான எஞ்சின்" என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதிவிடலாம். ஆனால் அதிலிருந்து மாணவர் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. எந்த இடத்தில் பிழை நேர்ந்தது, ஒரு பிழை அடுத்ததை எப்படி இழுத்து வந்தது என்று படிப்படியாகப் பார்ப்பதே பயன் தரும்.

அடிப்படை அமைப்பு

வி வடிவில் 8 சிலிண்டர்கள். சிலிண்டரின் விட்டம் 95 மி.மீ., பிஸ்டனின் வீச்சு 105 மி.மீ., மொத்தக் கொள்ளளவு சுமார் 5,954 கன செ.மீ. சிலிண்டருக்கு 4 வீதம் 32 வால்வுகள். திறன் 325 குதிரைத்திறன். இதற்கு முன்பிருந்த 7.3 லிட்டர் எஞ்சின் தன் கடைசிக் காலத்தில் கொடுத்ததே 275 குதிரைத்திறன்தான். அளவில் சிறிய எஞ்சினிலிருந்து கூடுதல் திறனைப் பெற்றார்கள் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

டர்போவும் புதிது. அதன் உள்ளே இருக்கும் சிறு தகடுகள் வேகத்துக்கேற்பச் சாய்ந்து கொடுக்கும். இதனால் குறைந்த வேகத்திலேயே காற்றழுத்தம் கிடைத்தது. கிராங்க் தண்டைத் தாங்கும் மூடிகளைத் தனித்தனியாக வைக்காமல் ஒரே அடித்தகடாக அமைத்திருந்தார்கள். எஞ்சினின் அடிப்பகுதி உறுதியானது என்பதை இதைக் குறை சொல்பவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

எண்ணெய்க்குக் கொடுத்த வேலைகள்

பொதுவாக எஞ்சின் எண்ணெய்க்கு உராய்வைக் குறைப்பதும் சூட்டைக் கடத்துவதும்தான் வேலை. இந்த எஞ்சினில் மூன்றாவதாக ஒரு வேலையும் இருந்தது. டீசலை சிலிண்டருக்குள் பீச்சும் இன்ஜெக்டர்களை இயக்குவதும் எண்ணெய்தான். இதற்கெனத் தனியாக ஓர் உயரழுத்த பம்ப் உண்டு. அது எண்ணெயைச் சதுர அங்குலத்துக்கு 3,500 பவுண்டுக்கும் மேலான அழுத்தம் வரை தள்ளும். அந்த அழுத்தத்தை இன்ஜெக்டர் பல மடங்காகப் பெருக்கி டீசலைப் பீச்சும்.

இந்த முறை 7.3 லிட்டர் எஞ்சினிலும் இருந்ததுதான். ஆனால் புதிய இன்ஜெக்டர்களில் இடைவெளிகள் மிக நுண்ணியவை. பழைய எண்ணெயின் பிசுக்கு படிந்தால் அவற்றின் உள்ளே நகரும் வால்வு ஒட்டிக்கொள்ளும், குளிர்காலக் காலைகளில் எஞ்சின் தடுமாறும். இன்ஜெக்டர்களுக்கு 48 வோல்ட் கொடுக்கும் மின்னணுப் பெட்டியும் பேட்டரி தளர்ந்தால் பழுதாகும். பிற்கால எஞ்சின்களில் உயரழுத்த பம்பின் இணைப்பு ஒன்று கசிந்ததால், சூடான எஞ்சினை அணைத்தால் மறுபடி கிளம்பாத தொல்லையும் வந்தது. எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாதவருக்கு இந்த எஞ்சின் மன்னிப்புக் கொடுக்கவில்லை.

ஒன்றை ஒன்று கெடுத்த விதம்

நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க, புகையின் ஒரு பகுதியைக் குளிரவைத்து மீண்டும் சிலிண்டருக்கே அனுப்பினார்கள். இதற்காக ஒரு புகைக் குளிர்விப்பான் பொருத்தப்பட்டது. எண்ணெய்க்கும் தனியாக ஒரு குளிர்விப்பான் உண்டு. கூலன்ட் முதலில் எண்ணெய்க் குளிர்விப்பானின் வழியாகச் சென்று, அதன் பிறகே புகைக் குளிர்விப்பானை அடையும். முழுச் சிக்கலுக்கும் வேர் இந்த வரிசைதான்.

எண்ணெய்க் குளிர்விப்பானின் வழிகள் குறுகலானவை. வார்ப்பில் மிஞ்சிய மணலும் கூலன்டிலிருந்து பிரியும் படிவுகளும் அவற்றை மெல்ல மெல்ல அடைத்தன. அடைப்பு ஏற்பட்டதும் புகைக் குளிர்விப்பானுக்குப் போதிய கூலன்ட் வராது. கடும் சூடான புகை அங்கேயே நின்ற கூலன்டைக் கொதிக்க வைக்கும், குளிர்விப்பான் வெடிப்பு விடும். பிறகு கூலன்ட் சிலிண்டருக்குள் புகுந்து நீராவியாக மாறும், புகைக்குழாயில் வெள்ளைப் புகை கிளம்பும். திரவத்தை அமுக்க முடியாது என்பது பள்ளிப் பாடம். சிலிண்டருக்குள் கூலன்ட் அதிகமாகத் தேங்கினால் பிஸ்டனின் இணைப்புத் தண்டே வளைந்துவிடும்.

இந்த இடத்தில் அடுத்த பலவீனம் வெளிப்பட்டது. 7.3 லிட்டர் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரையும் சுற்றி 6 ஹெட் போல்ட்டுகள் இருந்தன. இதில் 4 மட்டுமே. சிலிண்டருக்குள் அழுத்தம் அளவு மீறும்போது போல்ட்டுகள் நீண்டு, ஹெட் சற்றே எழும்பும், கேஸ்கட் போய்விடும். கூடுதல் திறனுக்காக மின்னணு அமைப்பை மாற்றிய உரிமையாளர்கள் இந்த முடிவை விரைவுபடுத்தினார்கள். ஆனால் எதையும் மாற்றாத வண்டிகளிலும் இது நடந்தது.

விதியின் குற்றமா?

புகைக் கட்டுப்பாட்டு விதிகளே இந்த எஞ்சினைக் கெடுத்தன என்பது அடிக்கடி கேட்கும் வாதம். அதில் பாதி உண்மை உண்டு. ஆனால் அதே காலத்தில் டாட்ஜ் ராம் டிரக்குகளில் இருந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சினைப் பாருங்கள். வரிசையாக 6 சிலிண்டர்கள், ஒவ்வொன்றையும் சுற்றி 6 போல்ட்டுகள். புகையைத் திருப்பி அனுப்பும் அமைப்பு இல்லாமலே 2004-க்கான விதியை நிறைவு செய்தது, பிற்பாடு அதே 325 குதிரைத்திறனையும் எட்டியது. இந்த பி-வரிசை எஞ்சின்கள் ஜாம்ஷெட்பூரில் உள்ள டாடா கம்மின்ஸ் ஆலையிலும் தயாராகி, டாடா லாரிகளில் நம் சாலைகளிலும் ஓடின. ஆகவே விதி கேள்வியைத்தான் கேட்டது, விடையை எழுதியவர்கள் வடிவமைப்பாளர்களே.

செலவை யார் ஏற்பது?

உத்தரவாதப் பழுதுகளின் செலவு பெருகியதும் இரு நிறுவனங்களுக்கும் இடையே சண்டை மூண்டது. 2007 ஜனவரியில் ஃபோர்டு நேவிஸ்டார் மீது வழக்குத் தொடுத்தது. 2009-இல் சமரசம் ஏற்பட்டது. அதன் பிறகு ஃபோர்டு தன் சொந்த 6.7 லிட்டர் டீசல் எஞ்சினை 2011 மாடலில் கொண்டுவந்தது. ஆனால் உத்தரவாதக் காலம் முடிந்த வண்டியை வைத்திருந்த விவசாயியும் சிறு ஒப்பந்தக்காரரும் தங்கள் கையிலிருந்தே செலவழித்தார்கள். பெரிய பழுதுகளுக்கு டிரக்கின் கேபினையே தூக்கி எடுக்க வேண்டியிருந்ததால், உதிரிபாகத்தின் விலையைவிடக் கூலி கூடுதலாக வந்தது. எளிதில் கைவைத்துப் பழுதுபார்க்க முடிவதும் நம்பகத்தன்மையின் ஒரு பகுதியே என்பதை இது காட்டுகிறது.

மதிப்பீடு

இந்த எஞ்சினுக்கு ஒரு நியாயத்தையும் செய்ய வேண்டும். போல்ட்டுகளுக்குப் பதிலாக வலுவான ஸ்டட்டுகள், மேம்பட்ட எண்ணெய்க் குளிர்விப்பான், உறுதியான புகைக் குளிர்விப்பான் ஆகியவற்றைப் பொருத்தியவர்கள் இன்றும் இதை ஓட்டுகிறார்கள். எண்ணெய் வெப்பம் கூலன்ட் வெப்பத்தைவிட 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் உயர்ந்தால் அடைப்பு தொடங்கிவிட்டது என்று அவர்கள் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

உரிமையாளர் தன் பணத்தில் செய்து முடித்த இந்த வேலைகள், ஆலையை விட்டு வெளிவரும் முன்பே முடிந்திருக்க வேண்டியவை. ஒவ்வொரு பாகத்தையும் தனியாகச் சோதித்தால் தேறிவிடும். ஒரு பாகம் தளர்ந்தால் பக்கத்துப் பாகம் என்னவாகும் என்ற கேள்விக்குத்தான் இந்த வடிவமைப்பில் விடை இல்லாமல் போனது. எஞ்சின் வடிவமைப்பைப் படிக்கும் மாணவர்கள் குதிரைத்திறனைக் குறித்துக்கொள்ளும் முன், கூலன்ட் எந்த வழியாக எங்கே போகிறது என்று ஒருமுறை வரைந்து பார்க்கட்டும்.