முள்ளுக்கு எட்டாத ஓஸ்

வீட்டுக்கு யார் வந்தாலும் இப்போது முதலில் டிராக்டர் கொட்டகைக்குத்தான் இழுத்துக்கொண்டு போகிறேன். லோடரைத் தூக்கிக் காட்டி, "ஓஸைப் பாருங்க அண்ணாச்சி!" என்கிறேன். அவ்வளவு அருமையான வேலை!

கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரம், விளாத்திகுளம் வரை கரிசல் காடு. புரட்டாசியில் உளுந்து, பாசி, மக்காச்சோளம் விதைக்கும் முன்னால் எரு அள்ளிப் போட்டாக வேண்டும், தரிசில் வெட்டிப்போட்ட சீமைக்கருவேலை ஒதுக்கியாக வேண்டும். இரண்டுக்கும் முன் லோடர்தான். அதற்கு ஆயில் கொண்டுபோக நாலு ஓஸ்: லோடர் கையைத் தூக்க, இறக்க, பக்கெட்டை மடக்க, கவிழ்க்க. முன்பு என் வண்டியில் நாலும் வால்விலிருந்து சிலிண்டர் வரை தொளதொளவென்று தொங்கும். முள் மாட்டி இழுக்கும். ஈரத்தில் கரிசலை அப்பிக்கொண்டு சுற்றும் டயர் அதை உரசித் தேய்க்கும். போன வருஷம் மேகம் கூடி நிற்கிற நேரத்தில் ஒன்று வெடித்து, ஆயில் அத்தனையும் மண்ணுக்குப் போனது. விதைப்பு நாளில் நான் புது ஓஸ் பிரஸ் பண்ண பஸ் ஏறினேன்.

டவுனில் ஒரு பட்டறை அண்ணாச்சிதான் கண்ணைத் திறந்தார். "தம்பி, மடங்குற இடத்துக்குத்தான் ஓஸு. நேராப் போற இடத்துக்கு இரும்புக் குழாய் போதும்." லோடர் கையின் உள்பக்கமாக நாலு குழாய்களை ஒட்டினாற்போல் ஓடவிட்டு கிளாம்ப் போட்டார். மூட்டுகளில் மட்டும் குட்டி ஓஸ்.

நீளம் பார்த்த அழகைச் சொல்ல வேண்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, லோடர் கையை முழுக்கத் தூக்கச் சொன்னார், இறக்கச் சொன்னார், பக்கெட்டைக் கவிழ்க்கச் சொன்னார். பிறகுதான் ஓஸை வெட்டினார். பிரஷர் ஏறினால் ஓஸ் கொஞ்சம் சுருங்கும், அதனால் விறைப்பாக மாட்டக் கூடாதாம். இரட்டைக் கம்பிப் பின்னல் போட்ட அரை இஞ்ச் ஓஸை 18 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கவும் கூடாது. ஓஸ் மேல் அச்சடித்த கோடு முறுக்காமல் நேராக ஓடுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். அந்த விரலைப் பார்த்துக்கொண்டே நின்றேன்!

கடைசியாக, ஓஸைக் கழற்றி மாட்டும் கப்ளர்களில் சிவப்பு, மஞ்சள் பெயிண்ட் வளையம்; சிவப்புக்குச் சிவப்பு, மஞ்சளுக்கு மஞ்சள். கழற்றினால் உடனே மூடி போட்டுவிட வேண்டும், நம் புழுதி உள்ளே போனால் வால்வு காலி. லோடரைக் கழற்றி மாட்ட முன்னெல்லாம் எது எங்கே என்று அரை நாள் தடவுவேன். இப்போது என் மகனே மாட்டிவிடுகிறான். இந்த ஆடியில் எரு முழுக்க அள்ளினேன், முள்ளும் ஒதுக்கினேன். ஒரு சொட்டு ஆயில் கீழே விழவில்லை!

லோடர் வைத்திருக்கிறவர்கள் ஆவணி பிறக்கும் முன்னே வண்டியைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். ஓஸில் கைவைக்கும் முன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, லிவரை நாலு பக்கமும் அசைத்து பிரஷரை விட்டுவிடுங்கள். கசிவு தேட அட்டையை நீட்டுங்கள், விரலை நீட்டாதீர்கள். ஊசித்துளையில் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.