வெளிப்பாட்டிய ஓவியரும் பெண்ணுரிமையும்

ஜெர்மானிய வெளிப்பாட்டிய ஓவியர் பழைய ஒழுக்கக் கட்டுகளை உடைத்தவர். ஆதலின் பெண்ணின் விடுதலைக்கும் துணைநின்றவர் என்று கூறுவாருளர். முற்கூற்று உண்மையே. அதனின்று பிற்கூற்றுப் பெறப்படும் என்பதை நாம் உடன்படுதற்கில்லை.

1905-இல் டிரெஸ்டன் நகரில் கிர்ஹ்னர், ஹெக்கெல் முதலிய நால்வர் 'பாலம்' என்னும் குழுவை நிறுவினர். மறு ஆண்டில் மரத்திற் செதுக்கி அச்சிட்ட அறிக்கையில், படைப்போரும் சுவைப்போருமாகிய புதிய தலைமுறையினரை அழைத்தனர். ஆயினும் 1913-இல் குழு கலையுங்காறும் அதன் ஓவியருள் பெண் ஒருத்தியும் இடம்பெறவில்லை. பெண்ணுக்குரிய இடம் ஓவியச் சட்டத்தின் உள்ளேயே அமைந்தது. அவர்தம் படங்களிற் பலகாலும் வரும் பிரான்சி 1900-இல் பிறந்தவள். அவர்முன் அமர்ந்த காலத்துப் பத்து வயதளவினள். உடன்பாட்டையோ மறுப்பையோ அறிந்துரைக்கும் பருவம் அதுவன்று. அச்சிறுமியை இயற்கை வாழ்வின் வடிவம் எனப் புகழும் திறனாய்வு, ஓவியர் கருத்தையே தன் முடிபாகக் கொண்டு மயங்குகின்றது. அவ்வண்ணங்களின் வன்மையை நாம் மறுக்கின்றோமல்லோம். வன்மை வேறு, விடுதலை வேறு.

இனி, இவ்வியக்கத்தைப் பெண்ணுரிமை நாடியோர் வெறுத்தனரோ எனின், அதுவும் இல்லை. 1897-இலேயே பெண் விடுதலை குறித்துக் கட்டுரை வரைந்தவர் ரோசா ஷாபீர். 1904-இல் ஹைடல்பர்க்கில் கலை வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர். அவர் 1907-இல் 'பால'த்தின் ஆதரவு உறுப்பினராகி, ஆண்டுக் கட்டணம் செலுத்திவந்தார். 1924-இல் ஷ்மித்-ரோட்லுஃபின் அச்சோவியங்களுக்கு அட்டவணை தொகுத்து வெளியிட்டவரும் அவரே. அவ்வோவியர் அவர் உருவைப் பன்முறை தீட்டினார். அவற்றுள் நாம் காண்பது மதிப்புடைய ஒரு முகம். எனினும் அம்மதிப்பு, சுவைப்போர் வரிசையில் நின்ற பெண்ணுக்குக் கிடைத்தது. படைப்போர் வரிசை திறக்கவில்லை.

மியூனிக் நகரின் நிலை சற்றே வேறுபட்டது. அந்நகர்க் கலைக்கழகம் 1920 வரை பெண்டிரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. காந்தின்ஸ்கி கற்பித்த தனிப் பள்ளியோ சேர்த்துக்கொண்டது; 1902-இல் அங்குப் பயின்றவர் கேப்ரியேல மியூன்டர். 1911-இல் நடந்த 'நீலக் குதிரைவீரன்' முதற்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. அடுத்த ஆண்டு வெளிவந்த தொகுப்பு நூலிலும் அவர் ஓவியம் உண்டு; ஆனால் கட்டுரையாளர் அனைவரும் ஆடவரே. பெண் படைக்கலாம், கலைக்கொள்கை உரைத்தல் அவள் தொழிலன்று என்பது எழுதப்படாத விதி போலும்!

புறத்தடையினும் அகத்தடை வலிது. மரியன்ன வெரெஃப்கின் தேர்ந்த ஓவியராயிருந்தும், யாவ்லென்ஸ்கியின் கலை வளர்தற்பொருட்டுப் பத்தாண்டளவு தூரிகையைத் துறந்து, 1906 அளவில் மீண்டும் எடுத்தார். பெண்ணுக்குப் படைப்பாற்றல் இயல்பன்று என வாதித்த கார்ல் ஷெஃப்லரின் 'பெண்ணும் கலையும்' வெளிவந்தது 1908-இல். நூல் பின்னது, அக்கொள்கை முன்னரே காற்றிற் கலந்திருந்தது.

மியூன்டர் நாஜிகள் ஆட்சியில் மறைத்துக் காத்த காந்தின்ஸ்கியின் ஓவியங்களை 1957-இல் மியூனிக் நகருக்கு ஈந்தார். அக்கொடையால் அவரைக் காவலராக அறிந்தோர் பலர். அத்தொகுப்பில் அச்சான அவருடைய 'புனித ஜார்ஜ்' பொருளோவியத்தை நோக்குக: நாட்டுப்புறச் சிற்றுருவங்கள் இருளினூடே ஒளிர்கின்றன, எதிரே அமர்ந்து பார்க்கப்படும் பெண் அங்கு இல்லை, பார்த்துத் தீட்டிய பெண்ணே உளள்.