திருடா திருடா: ஓடிப்போகிறவர்களைத் துரத்துவது யார்?

திருடா திருடா மணிரத்னம் இயக்கிய தமிழ்த் திரைப்படம். 1993-ஆம் ஆண்டு நவம்பர் 13 அன்று தீபாவளி வெளியீடாக வந்தது. பிரசாந்த், ஆனந்த், ஹீரா, அனு அகர்வால், எஸ்.பி. பாலசுப்ரமணியம், சலீம் கவுஸ் ஆகியோர் நடித்தனர். ஒளிப்பதிவு பி.சி. ஸ்ரீராம், இசை ஏ.ஆர். ரஹ்மான், பாடல்கள் வைரமுத்து. திரைக்கதையில் ராம் கோபால் வர்மாவுக்கும் பங்குண்டு. நடன அமைப்புக்கும் சிறப்புக் காட்சிகளுக்கும் தேசிய விருது பெற்றது. ஊரை விட்டு வெளியேறும் இளையவர்களைப் பற்றிய குற்ற நகைச்சுவை என்ற வகையில் தமிழில் இதற்கு இணையான படங்கள் குறைவு.

கதை

அழகு, கதிர் இருவரும் சில்லறைத் திருடர்கள். விருப்பமில்லாத திருமணத்திலிருந்து தப்பிக்க ஊரை விட்டு ஓடும் ராசாத்தி அவர்களோடு சேர்ந்துகொள்கிறாள். இருவருக்கும் அவள் மீது நாட்டம் உண்டாகிறது. இன்னொரு பக்கம், ரயிலில் கொண்டுசெல்லப்படும் 1000 கோடி ரூபாய் கொள்ளை போகிறது. அந்தப் பணத்தைத் தேடும் கும்பலும் சி.பி.ஐ. அதிகாரியும் இந்த மூவரின் பாதையில் குறுக்கிடுகிறார்கள். அதன்பின் படம் முழுவதும் ஓட்டம்தான்.

துரத்துபவர் மாறுதல்

ஒரு பெண் மணமேடையைத் தவிர்த்து இரண்டு ஆண்களுடன் ஊரை விட்டுப் போகிறாள். தமிழ்ச் சூழலில் இது சிரிக்கத்தக்க செய்தி அல்ல. ஆனாலும் படம் பார்ப்பவர் சிரித்துக்கொண்டே பார்க்கிறார். இதற்குக் காரணம் திரைக்கதை செய்யும் ஒரு மாற்றம். ராசாத்தியைத் துரத்த வேண்டிய உறவினரும் ஊரும் கதை நகர நகரப் பின்னுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களுடைய இடத்தில் கொள்ளைக் கும்பலும் அரசாங்கமும் வந்து நிற்கின்றன. இந்தப் புதிய துரத்துபவர்களுக்குப் பணம்தான் வேண்டும். ராசாத்தி யாருடன் போனாள், ஏன் போனாள் என்று அவர்கள் கேட்பதில்லை. குடும்ப மானம் கதையிலிருந்து கழன்றுவிடுவதால் ஓட்டம் விளையாட்டாகிறது.

திருடர்கள் என்ற தேர்வும் இதற்கு உதவுகிறது. அழகுக்கும் கதிருக்கும் சொல்லிக்கொள்ளும்படி வீடு இல்லை, உறவு இல்லை. ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்று அவர்களிடம் கேட்க ஆளில்லை. சாதி கேட்கப்படாத காதலைக் காட்ட, இயக்குநர் ஊரே இல்லாத காதலர்களைப் படைத்துக்கொண்டார்.

உடன்போக்கு மரபு

தலைவி காதலனோடு வீட்டை விட்டுச் செல்வதைச் சங்க இலக்கியம் உடன்போக்கு என்றது. அங்கே முதன்மையாகத் தேடிச் செல்பவள் செவிலித்தாய். காட்டுவழியில் மகளின் பாதம் நோகுமே என்பது அவள் கவலை. எதிர்ப்படும் அந்தணர் அவளைத் தேற்றி, மகள் செய்தது அறமே என்று சொல்லும் பாடல் கலித்தொகையில் உண்டு. உறவினரின் துரத்தலையும் அந்த மரபு அறிந்திருந்தது. பகைவர் வந்தால் எதிர்த்துப் போரிடுவேன், உன் வீட்டார் வந்தால் மறைந்துகொள்வேன் என்று தலைவன் சொல்லும் நற்றிணைப் பாடல் இதற்குச் சான்று. அச்சமும் மெல்லிய நகைப்பும் அந்தப் பேச்சில் சேர்ந்தே இருக்கின்றன. துரத்துபவர் உறவினர் என்பதை அது மறைக்கவில்லை.

காதல் படத்துடன் ஒப்பீடு

பாலாஜி சக்திவேல் இயக்கிய காதல் (2004) இதன் எதிர்முனை. மதுரை மெக்கானிக் முருகனும் வசதியான வீட்டுப் பெண் ஐஸ்வர்யாவும் சென்னைக்கு ஓடுகிறார்கள். அங்கே அவர்களுக்குத் தங்க இடமில்லை. நண்பனின் மேன்ஷனை நாட வேண்டியிருக்கிறது. மேன்ஷன்வாசிகள் சேர்ந்து திருமணம் செய்துவைக்கும் பகுதியில் நல்ல நகைச்சுவை உண்டு. ஆனால் உறவினர் தேடி வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிடுகிறது. திருடா திருடா தவிர்த்த இரண்டு கேள்விகளையும் காதல் எதிர்கொள்கிறது: ஓடியவர்கள் எங்கே தங்குவார்கள்? பின்னால் யார் வருவார்கள்?

திருப்பூரிலிருந்து பார்க்கையில்

இந்த இரு கேள்விகளுக்கும் திருப்பூர் வட்டாரத்தில் நேரடிப் பொருள் உண்டு. பனியன் கம்பெனிகளை நம்பிப் பல மாவட்டங்களிலிருந்தும் இளையவர்கள் வந்து சேரும் ஊர் இது. லைன் வீட்டுக்கு அட்வான்ஸ், ஒன்றரை ஷிப்ட் வேலை, சனிக்கிழமைச் சம்பளம் என்பதே ஊரை விட்டு வந்தவர்களின் வாழ்க்கைக் கணக்கு. 1000 கோடியைச் சுற்றி ஓடும் படத்தில் இந்தக் கணக்குக்கு இடமில்லை. மேற்கு மாவட்டப் பஞ்சாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்றொரு முறை இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தால் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி, இளம்பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்கினார்கள். ராசாத்தி திருமணத்திலிருந்து தப்ப ஊரை விட்டாள். இந்தப் பெண்கள் திருமணத்துக்குப் பணம் சேர்க்க ஊரை விட்டார்கள்.

இரண்டாவது கேள்விக்கான விடை கொடியது. திருப்பூர் மாவட்டம் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே 2016 மார்ச் 13 அன்று, சாதி மறுத்து மணம் செய்துகொண்ட சங்கரும் கௌசல்யாவும் பட்டப்பகலில் வெட்டப்பட்டனர். சங்கர் இறந்தார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் பெண்ணின் தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

மதிப்பீடு

இதை வைத்து திருடா திருடாவைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. சோகப் படங்கள் சொல்லாத ஒன்றை அது சொல்கிறது. ஊரை விட்டுப் போவதில் ஒரு பெண்ணுக்கு மகிழ்ச்சியும் இருக்கலாம், அதற்காக அவள் தண்டிக்கப்பட வேண்டியதில்லை என்பதே அது. தமிழில் ஓடிப்போன பெண் அழுதுகொண்டே இருப்பாள் என்ற வழக்கத்தை ராசாத்தி உடைக்கிறாள். வாத்தியக்கருவி எதுவும் இன்றிக் குரல்களால் மட்டுமே அமைந்த ‘ராசாத்தி’ பாடலைத் தவிர்த்தால், படத்தில் துயரம் நெடுநேரம் தங்குவதில்லை.

அதன் குறை, அந்த மகிழ்ச்சிக்காகக் கொடுத்த விலையில் இருக்கிறது. உறவினரைக் கதையிலிருந்து அகற்றிய பிறகே படத்தால் சிரிக்க முடிகிறது. அவர்களைத் திரையில் நிறுத்தியதும் காதலால் சிரிக்க முடியவில்லை. துரத்தி வரும் உறவினரை வைத்துக்கொண்டே, அவர்களுடைய மானக் கணக்கைப் பார்த்துச் சிரிக்கவைப்பதுதான் இவ்வகைப் படத்துக்கு முன்னுள்ள கடினமான வேலை. நற்றிணைத் தலைவனின் பேச்சு, அது தமிழுக்குப் புதிதல்ல என்பதைக் காட்டுகிறது.