விவிலியமும் பாடவேறுபாடும்

சமய நூல்களை ஆராயப் புகுவோரை இரு சாரார் வழிமறிப்பர். தெய்வ வாக்கில் கைவைக்க நீ யார் என்பார் ஒரு சாரார். எல்லாம் பிற்காலத்தார் கட்டியவை, இதில் ஆராய என்ன இருக்கிறது என்பார் மற்றொரு சாரார். இவ்விருவருமே நூலைத் திறந்து பார்ப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. பார்க்க விரும்புவோருக்காக ஓரிடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

1871-இல் வெளிவந்து இன்றும் வழங்கும் பழைய தமிழ்த் திருப்புதலில், யோவானின் முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரம் ஏழாம் வசனத்தைக் காண்க. விண்ணில் சான்று கூறுவோர் பிதா, வார்த்தை, ஆவி என்னும் மூவர் என்றும், மூவரும் ஒன்றே என்றும் பொருள்பட ஒரு வரி அங்கே உள்ளது. பின்னர், கத்தோலிக்கரும் புரொட்டஸ்டண்டு சபையாரும் கூடி 1995-இல் வெளியிட்ட திருவிவிலியத்தில் அதே இடத்தைக் காண்க. அவ்வரி இல்லை, ஆவி, நீர், இரத்தம் என்னும் மூன்று சான்றுகளே உள்ளன. திரித்துவக் கொள்கைக்கு இத்துணை நேரான வரி விவிலியத்தில் வேறில்லை. அத்தகைய வரியைக் கிறித்தவர்களே ஏன் விட்டனர்?

பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அது இல்லை. அதனை உடைய சில படிகள் மிகப் பிந்தியவை. அது இலத்தீன் மரபில் முளைத்தது. 4-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுப் பிரிசில்லியன் அதனை எடுத்தாள்கிறார். மூன்று சான்றுகளுக்கு யாரோ எழுதிய விளக்கம், ஏட்டின் ஓரத்திலிருந்து மூலத்துள் நுழைந்திருக்கும் என்பது அறிஞர் பலர் கருத்து. சிந்தாமணி ஏடுகளில் மூலம் எது, உரை எது, மேற்கோள் எது என்று பிரித்தறிய உ. வே. சாமிநாதையர் பட்ட பாட்டை அறிந்த தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. 1871 திருப்புதற் குழுவை நடத்திய பவர் ஐயரே, 1868-இல் நாமகள் இலம்பகத்தை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டவர் என்பதும் ஈண்டு நினைக்கத் தக்கது. ஆயினும் நெடுங்காலமாக வழக்கிலிருந்த கிரேக்கப் பாடத்தைப் பின்பற்றிய அத்திருப்புதலில் அவ்வரி நின்றுவிட்டது.

அப்பாடத்துக்கு அடிகோலியவர் எராஸ்மஸ். அவர் 1516, 1519 ஆகிய ஆண்டுகளின் பதிப்புகளில் அவ்வரியைச் சேர்க்கவில்லை. கண்டனம் எழுந்தது, 1522-இல் சேர்த்தார். ஒரே ஒரு கிரேக்கப் படியில் காட்டுங்கள், சேர்க்கிறேன் என்று அவர் முன்பே வாக்களித்திருந்ததாக ஒரு கதை உண்டு. சுவையான கதை, மேடைக்கு மிக உகந்தது. ஆனால் அப்படி வாக்களித்ததற்குச் சான்றில்லை என்று டி யோங்கே என்னும் டச்சு அறிஞர் 1980-இல் காட்டினார். வேதத்தில் இடைச்செருகல் கண்டு நகைப்பவர், தம் நகைப்புக்கு உதவும் கதையிலும் அது உண்டா என்று பார்க்கவேண்டாமா?

அவ்வரி போனால் கொள்கையே போயிற்று என்பதும் பொருந்தாது. 325-இல் நைசீயாவிலும் 381-இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கூடிய சங்கங்களின் காலத்தில், கிரேக்க ஆசிரியர்கள் கடுமையாக வாதிட்டபோது இவ்வரி அவர்கள் கையில் இல்லை. இருந்திருந்தால் விட்டிருப்பார்களா? வேறு இடங்களைக் கொண்டே வாதிட்டனர். அவ்வாதம் ஏற்புடையதா என்பது தனிக் கேள்வி.

1897-இல் ரோமாபுரித் திருச்சபை, அவ்வரியின் மெய்ம்மையை ஐயுறுதல் தகாது என்றது. 1927-இல், அறிஞர் தக்க ஆராய்ச்சிக்குப்பின் மாறுபட்ட முடிவு கொள்ளலாம் என்று தளர்த்தியது. முப்பதாண்டில் இவ்வளவு தூரம் வந்ததைப் பாராட்டவும் வேண்டும். அதுவரை ஆராய்ந்தோர் வாய் கட்டப்பட்டிருந்ததையும் சொல்லவேண்டும்.

பழைய திருப்புதலின் ஓசையில் ஊறி அதனையே ஓதுவோர் இன்றும் பலர். ஓதட்டும், அந்நடைக்கு ஒரு கம்பீரம் உண்டு. ஆனால் கம்பராமாயணப் பதிப்புகளில் மிகைப்பாடல்களைப் பிரித்துக் காட்டுவது போல, அவ்வரியின் கீழ் ஒரு சிறு குறிப்பு அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? யோவான் நற்செய்தி எட்டாம் அதிகாரத்தில், கல்லெறியக் கூடியோர் நடுவே நிறுத்தப்பட்ட பெண்ணின் வரலாற்றுக்கும் அக்குறிப்பு வேண்டும். மிகப் பழைய கிரேக்கப் படிகளில் அதுவும் காணப்படவில்லை. அதனை இழக்க எனக்கு மனமில்லை. குறிப்போடு படிக்கவே விருப்பம்.